உலாவியில் வைக்கும் கிரிப்டோ பணப்பை: பூட்டும் சாவியும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

நெல்லைக் குதிரிலும், விதையைக் கோட்டை கட்டியும், நகையை இரும்புப் பெட்டியிலும், பட்டாவையும் கிரயப் பத்திரத்தையும் டிரங்குப் பெட்டியின் அடியிலும் வைத்துக் காப்பது நம் கிராமங்களில் வழிவழியாக வந்துள்ள பழக்கமாகும். எந்தப் பொருளுக்கு எலியால் தீங்கு, எதற்கு ஈரத்தால் தீங்கு, எதற்குத் திருடனால் தீங்கு என்பதை நம் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். அதற்கேற்ப இடத்தையும் பூட்டையும் அமைத்துக்கொள்வதில் அவர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், கண்ணால் காண இயலாத, கையால் தொட இயலாத ஒரு பொருள் அண்மைக் காலத்தில் நம் ஊர்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதுதான் கிரிப்டோ நாணயம். பட்டணத்தில் படித்துத் திரும்பிய இளைஞர்களும், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும், வீட்டிலிருந்தபடியே அயல்நாட்டு நிறுவனங்களுக்கு உழைப்பவர்களும் இதனைக் கையாளுகின்றனர். இதனை அவர்கள் பெரும்பாலும் தமது கணினியின் உலாவியில், அதாவது பிரவுசரில், பூட்டி வைக்கின்றனர். அந்தப் பூட்டு எத்தகையது, அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் பெற்றோர்களும் ஓரளவாவது அறிந்திருத்தல் அவசியம் என்று கருதியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். கிரிப்டோ நாணயத்தை வாங்குங்கள் என்றோ, வேண்டாம் என்றோ கூறுவது இங்கு நமது நோக்கமன்று.

ஒரு குடும்பத்திற்கு நேர்ந்தது

மே மாதம் முதல் நாளன்று நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் கிராம சபைக் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் தறுவாயில், இரண்டு ஏக்கர் நிலமுடைய ஒரு பெரியவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த இளைஞர் கணினியில் படம் வரைவதில் தேர்ந்தவர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிற்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்து வந்தார். அவர்கள் ஊதியத்தை ஈதர் என்னும் கிரிப்டோ நாணயமாக அனுப்பினர். எட்டு மாத ஊதியத்தை அவர் செலவு செய்யாமல், தமது மடிக்கணினியின் உலாவியில் ஒரு பணப்பையில் சேர்த்து வைத்திருந்தார். கிணற்றை ஆழப்படுத்துவதற்கென்று அப்பணம் ஒதுக்கப்பட்டிருந்தது.

மடிக்கணினி மெதுவாக ஓடுகிறதென்று அவர் அதனைத் தாலுகா ஊரில் உள்ள பழுது பார்க்கும் கடையில் கொடுத்தார். கடைக்காரர் வட்டு முழுவதையும் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவித் தந்தார். கணினி நன்றாக ஓடியது, பணப்பையைத்தான் காணவில்லை.

“கடவுச்சொல் எனக்கு மனப்பாடம், ஐயா. அதை வைத்துத் திறக்க முடியாதா?” என்று மகன் கேட்டார்.

“வங்கி மேலாளரைப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஆகாதா, ஐயா?” என்று தந்தை கேட்டார்.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூற வேண்டுமானால், இந்தப் பணப்பை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

ஊரார் அனைவரும் வைத்திருக்கும் கணக்கு

2008 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர், அல்லது ஒரு குழுவினர், பிட்காயின் என்னும் நாணயத்திற்கான திட்டத்தை வெளியிட்டனர். 2009 ஜனவரி 3 ஆம் நாள் அதன் கணக்கேட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டது. மொத்தத்தில் 2 கோடியே 10 இலட்சம் பிட்காயின்களுக்கு மேல் உண்டாக முடியாது என்பது அதன் விதி. 2015 ஜூலை மாதத்தில் ஈத்திரியம் என்னும் மற்றொரு அமைப்பு தொடங்கியது. அதன் நாணயமே ஈதர்.

இவற்றின் அடிப்படை ஒன்றுதான். நமது ஊரில் நிலக் கணக்கைக் கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கிறார். அந்தக் கணக்கின் படி ஒன்று ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதாகவும், எவர் நிலம் எவருக்குக் கைமாறினாலும் எல்லா வீட்டுப் படிகளிலும் அது ஒரே மாதிரி பதிவாவதாகவும் எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டுக்காரர் தம் படியில் திருத்தம் செய்து ஏமாற்ற முயன்றாலும், மற்றப் படிகள் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். இவ்வாறு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே கணக்கேடு வைக்கப்படுகிறது. அதற்குப் பிளாக்செயின் என்று பெயர். பழைய பக்கங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத் தொடுக்கப்பட்டிருப்பதால், இடையில் ஒரு பக்கத்தை மாற்ற இயலாது.

ஆகவே, நாணயம் எவருடைய கணினியிலும் இல்லை. அது கணக்கேட்டில் ஒரு வரியாக இருக்கிறது. அந்த வரியை மாற்றி எழுதச் சொல்லும் உரிமை எவருக்கு உண்டோ, அவரே உரிமையாளர். அந்த உரிமையை மெய்ப்பிப்பதுதான் சாவி.

பணப்பையில் இருப்பது பணமன்று

பணப்பை என்ற பெயரே பலரை மயங்கச் செய்கிறது. அதனுள் பணம் இல்லை. தனிச் சாவி என்னும் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. பத்துப் பத்தாக எண்ணும் நமது முறையில் எழுதினால் அது 78 இலக்கங்கள் வரை நீளும். அந்த எண்ணிலிருந்து கணித முறையில் ஒரு பொதுச் சாவியும், அதிலிருந்து ஒரு முகவரியும் பிறக்கின்றன. முகவரியை ஊராருக்குத் தாராளமாகக் கூறலாம். பணம் அனுப்புவோர் அதற்கே அனுப்புவர். ஆனால் முகவரியைக் கொண்டு தனிச் சாவியைக் கண்டுபிடிக்க இயலாது. நெல்லை அரிசியாக்கலாம், அரிசியைத் திரும்ப நெல்லாக்க முடியாது என்பது போன்றது இது.

பணம் செலுத்தும்போது, உரிமையாளரின் கணினி தனிச் சாவியைக் கொண்டு ஒரு கையொப்பம் இடுகிறது. அந்தக் கையொப்பம் சரியானதா என்பதை உலகில் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் சாவி இல்லாதவர் எவரும் அதனைப் போட முடியாது. கணக்கேட்டைக் காப்போர், கையொப்பமிட்டவர் யார், எந்த ஊர், என்ன முகம் என்று கேட்பதில்லை. சாவி எவரிடம் உள்ளதோ அவரே உடைமைக்காரர். களவாடியவன் கையொப்பமிட்டாலும் அது செல்லும்; உண்மையான உரிமையாளர் சாவியைத் தொலைத்துவிட்டால் அவர் சொல் செல்லாது.

விதைச் சொற்கள்

78 இலக்க எண்ணைப் பிழையின்றி எழுதி வைப்பது கடினம். இதற்காக 2013 ஆம் ஆண்டில் ஒரு வழி வகுக்கப்பட்டது. 2,048 எளிய சொற்கள் அடங்கிய பட்டியல் ஒன்றிலிருந்து 12 சொற்களை, அல்லது 24 சொற்களை, கணினியே குருட்டாம் போக்கில் பொறுக்கி வரிசையாகத் தருகிறது. அந்தச் சொற்களிலிருந்து சாவிகள் அனைத்தையும் எப்பொழுது வேண்டுமானாலும், எந்தக் கணினியில் வேண்டுமானாலும் மீண்டும் உண்டாக்கலாம். இவற்றை விதைச் சொற்கள் என்று அழைப்பது பொருத்தமே. பயிர் முழுவதும் அழிந்தாலும் விதைநெல் இருந்தால் மறுபோகம் எடுக்கலாம் அல்லவா?

இங்கு ஒரு செய்தியை நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இந்தச் சொற்பட்டியல் ஆங்கிலம், ஜப்பானியம், பிரெஞ்சு, ஸ்பானியம் முதலிய சில மொழிகளில் உண்டு, தமிழில் இல்லை. ஆகவே நம் இளைஞர்கள் பெறுவது ஆங்கிலச் சொற்களையே. அவற்றைத் தமிழ் எழுத்தில் ஒலிக்கேற்ப எழுதி வைத்தால், பின்னர் எந்தச் சொல் என்று தடுமாற நேரும். ஆங்கில எழுத்திலேயே, முதல் சொல், இரண்டாம் சொல் என்று எண்ணிட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து எழுத வேண்டும். ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே எந்தச் சொல்லையும் இனம் காண முடியும் என்பதால், பின்னால் ஓரெழுத்து மங்கினாலும் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் வரிசை மாறக்கூடாது.

உலாவிக்குள் எங்கே வைக்கப்படுகிறது?

குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் முதலிய உலாவிகள் இணையப் பக்கங்களைக் காட்டுவதோடு நில்லாமல், சில குறிப்புகளைக் கணினியின் வட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளும் வசதியும் உடையவை. பொதுக் கிட்டங்கியில் ஒவ்வொருவர் சரக்குக்கும் தனித்தனி அறை தடுத்திருப்பது போல, ஒவ்வோர் இணையத் தளத்திற்கும் உலாவிக்குள் தனித்தனி அறை உண்டு. ஒரு தளம் வைத்ததை வேறொரு தளம் எட்டிப் பார்க்க உலாவி விடாது.

இந்த வசதியைக் கொண்டு மூன்று வகையாகப் பணப்பைகள் அமைக்கப்பட்டுள்ளன. முதலாவது, இணையப் பக்கமாகவே இயங்கி, சாவியை அப்பக்கத்திற்குரிய அறையில் வைப்பது. இரண்டாவது, உலாவியிலேயே சாவியைப் பூட்டி, பூட்டிய பெட்டியின் நகலை மட்டும் நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பி வைப்பது. 2011 இல் தொடங்கிய பிளாக்செயின்.இன்ஃபோ என்ற தளத்தின் பணப்பை இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, உலாவியுடன் ஒட்டுச் செடி போல் இணைத்துக்கொள்ளும் நீட்டிப்பு. 2016 இல் வெளிவந்த மெட்டாமாஸ்க் இவ்வகையில் பெயர் பெற்றது. இம்மூன்றாம் வகையில் பூட்டிய பெட்டி பயனாளரின் கணினியிலேயே, அந்த உலாவிக்குரிய கோப்புகளுக்கிடையே இருக்கிறது. நிறுவனத்தாரிடம் சாவியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை.

நமது இளைஞர் பயன்படுத்தியது இந்த மூன்றாம் வகையே.

பூட்டு செய்யப்படும் முறை

சாவியை அப்படியே வட்டில் எழுதி வைத்தால், கணினியைத் திருடியவன் அதனைப் படித்துவிடுவான். எனவே அது மறையாக்கம் செய்யப்படுகிறது. அதாவது, உரியவர் தவிர மற்றவருக்குப் பொருள் விளங்காத குப்பை எழுத்தாக மாற்றப்படுகிறது.

முதலில் பயனாளர் ஒரு கடவுச்சொல் கொடுக்கிறார். மனிதர் நினைவில் வைக்கும் சொல் சிறியதாகவும் எளியதாகவும் இருக்கும். அதை அப்படியே பூட்டுக்குப் பயன்படுத்தலாகாது. ஆகவே கணினி அக்கடவுச்சொல்லுடன் சிறிது உப்புச் சேர்த்து, ஆட்டுக்கல்லில் இட்டு அரைப்பது போல ஆயிரக்கணக்கான முறை, சிலவற்றில் இலட்சக்கணக்கான முறை, கணித அரைவை செய்கிறது. உப்பு என்று நாம் வேடிக்கைக்காகக் கூறவில்லை. அத்துறையினர் வழங்கும் பெயரே அதுதான். அது ஒவ்வொரு பணப்பைக்கும் வெவ்வேறாக அமையும் ஒரு சிறு எண். இருவர் ஒரே கடவுச்சொல் வைத்தாலும், உப்பு வேறாக இருப்பதால் பூட்டும் வேறாகிவிடும்.

அரைத்து எடுத்த மாவே பூட்டின் உண்மையான திறவுகோல். இதனைக் கொண்டு ஏ.இ.எஸ். என்னும் முறையில் விதைச் சொற்கள் மறையாக்கம் செய்யப்படுகின்றன. பெல்ஜியம் நாட்டு அறிஞர் இருவர் வகுத்த இம்முறையை அமெரிக்க அரசாங்கம் 2001 ஆம் ஆண்டில் தனது தரமாக ஏற்றது. இன்று வங்கிகளும் இதனையே பயன்படுத்துகின்றன. இத்தகைய மறையாக்கக் கருவிகள் உலாவிகளிலேயே அமைந்திருக்க வேண்டிய முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 ஜனவரியில் தரப்படுத்தியது.

இத்தனை முறை அரைப்பானேன் என்று கேட்கலாம். உரிமையாளருக்கு அரைவை ஒரு நாளில் சில தடவைதான். ஒரு கண நேரத் தாமதம் அவருக்குப் பொருட்டன்று. ஆனால் பெட்டியைக் களவாடிச் சென்றவன் ஒவ்வொரு கடவுச்சொல்லாக ஊகித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஊகத்திற்கும் அவன் முழு அரைவையையும் செய்தாக வேண்டும். அவனுக்கு வேலை மலைபோல் குவிந்துவிடும்.

கடவுச்சொல்லின் பலம்

ஆயினும், சொல் எளியதாக இருந்தால் எத்தனை அரைத்தாலும் பயனில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருடனின் இயந்திரம் ஒரு வினாடியில் 1,000 ஊகங்களைச் சோதிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு இலக்க எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்தால், மொத்தம் 10 இலட்சம் வகைதான் உண்டு. 1,000 வினாடிகளில், அதாவது 17 நிமிடங்களுக்குள், அவன் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடுவான். பிறந்த தேதி, கைபேசி எண், மனைவி மக்கள் பெயர் ஆகியவை அதனினும் விரைவில் அகப்படும்.

அதற்கு மாறாக, 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐந்து சொற்களை எடுத்துக் கடவுச்சொல்லாக வைத்தால், அதே இயந்திரம் எல்லா வகைகளையும் முயன்று தீர்க்கப் பதினோரு இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். ஆயிரம் இயந்திரங்களைப் பூட்டினாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். நீளமும் குலுக்கலுமே கடவுச்சொல்லின் பலம் என்பது இதனால் விளங்கும். ஆனால் பணப்பையின் விதைச் சொற்களையே எடுத்துக் கடவுச்சொல்லாக வைத்தல் கூடாது.

பூட்டு காக்காத இடங்கள்

நல்ல கடவுச்சொல் உள்ள பணப்பை, கணினி களவு போனாலும், கோப்பு நகலெடுக்கப்பட்டாலும் காப்பாற்றும். இது மறையாக்கத்தின் நன்மை. ஆனால் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் திருடன் வீட்டுக்குள் இருந்தால் பூட்டு என்ன செய்யும்? கடவுச்சொல்லைத் தட்டி எழுதிப் பணப்பையைத் திறந்த பின், சாவி கணினியின் நினைவகத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. அப்பொழுது கணினியில் தீய நிரல் புகுந்திருந்தால், அது தட்டும் எழுத்துகளைக் கேட்டறியலாம். திறந்த சாவியையும் எடுத்துச் செல்லலாம். இலவசப் படம், களவாடிய மென்பொருள் ஆகியவற்றின் வழியாகவே இத்தகைய நிரல்கள் பெரும்பாலும் நுழைகின்றன.

நடந்த சில நிகழ்ச்சிகள் இதனை நன்கு விளக்கும்.

2018 ஏப்ரல் 24 ஆம் நாள், மை ஈதர் வாலட் என்னும் உலாவிப் பணப்பைத் தளத்திற்குச் சென்றவர்களில் சிலர், சுமார் இரண்டு மணி நேரம் போலித் தளத்திற்குத் திருப்பி விடப்பட்டனர். தளத்தில் பழுதில்லை; இணையத்தின் முகவரி காட்டும் அமைப்பைத் தீயோர் திசை திருப்பினர். அப்பொழுது உலாவி, “இத்தளத்தின் சான்றிதழ் நம்பத்தக்கதன்று” என்ற பொருளில் எச்சரிக்கை காட்டியது. அதனைப் பொருட்படுத்தாது உள்ளே சென்று சாவியைக் கொடுத்தவர்கள் பொருளை இழந்தனர். சுமார் ஒன்றரை இலட்சம் டாலர் மதிப்புள்ள ஈதர் களவு போயிற்று.

2022 ஜூன் மாதம் வேறொரு குறை வெளியிடப்பட்டது. மெட்டாமாஸ்க் முதலிய சில நீட்டிப்புகளின் பழைய பதிப்புகளில், விதைச் சொற்களைத் திரையில் தெரியும்படி தட்டி எழுதினால், உலாவி தன் வழக்கப்படி அதனையும் சாதாரண எழுத்தாக வட்டில் குறித்து வைக்க நேர்ந்தது. பெட்டிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. ஆனால் சாவியின் அச்சு வாசற்படியில் கிடந்தது. புதிய பதிப்புகளில் இது திருத்தப்பட்டது.

2022 நவம்பரில் டிரஸ்ட் வாலட் என்பதன் உலாவி நீட்டிப்பில் சில நாட்கள் புதிதாக உண்டாக்கப்பட்ட பணப்பைகளில், சொற்களைப் பொறுக்கும் குலுக்கல் சரியாக நடைபெறவில்லை. எண்ணிலடங்கா வகைகளுக்குப் பதில் சுமார் 429 கோடி வகைகளே உண்டாகும்படி அது அமைந்துவிட்டது. மனிதருக்கு அது பெரிய எண். கணினிக்கு அது சிறிய எண். கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்தக் குறையைச் சரிசெய்யாது. அதனால் சிலர் பொருளை இழந்தனர். 2023 ஏப்ரலில் இது வெளியிடப்பட்டது.

இவையன்றி, தாமே கையொப்பமிட்டு இழப்போரே பலர். “பரிசு கிடைத்துள்ளது, இங்கே ஒப்புதல் கொடுங்கள்” என்று ஒரு தளம் கேட்கும். படித்துப் பாராமல் பொத்தானை அழுத்தினால், பணப்பையிலுள்ளதை எடுத்துச் செல்ல எழுதிக் கொடுத்ததாகவே அது முடியும். வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

அழிந்து போகும் அபாயம்

திருட்டைவிட நம்மவர்களுக்கு நெருக்கமான அபாயம் மற்றொன்று. உலாவி என்பது நிலையான கருவூலமன்று. உலாவியை நீக்கினாலும், நீட்டிப்பை நீக்கினாலும், வட்டைத் துடைத்தாலும் பெட்டி அழிந்துவிடும். இணையப் பக்கமாக இயங்கும் பணப்பையானால், உலாவிக் குறிப்புகளைத் துப்புரவு செய்தாலே போய்விடும். தனிமுறை உலாவலில் வைத்தது சாளரத்தை மூடியதும் மறையும். ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி 2020 முதல், ஒரு தளத்தை ஏழு நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் அத்தளம் எழுதி வைத்த குறிப்புகளைத் தானே நீக்கும் வழக்கத்தை மேற்கொண்டது.

இப்பொழுது அந்த இளைஞரின் கேள்விக்கு விடை எளிதில் விளங்கும். அவர் நினைவில் வைத்திருந்த கடவுச்சொல், அந்த மடிக்கணினியில் இருந்த பெட்டிக்கு மட்டுமே உரிய திறவுகோல். பெட்டியே எரிந்த பின் திறவுகோலால் பயனில்லை. விதைச் சொற்கள் இருந்திருந்தால் வேறொரு கணினியில் புதிய பெட்டி செய்திருக்கலாம். அவற்றை அவர் தாளில் எழுதவில்லை. பழைய கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார்; அக்கைபேசியைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்கி ஆறு மாதமாகிவிட்டது. வட்டிலிருந்து பழைய கோப்பை மீட்க இயலுமா என்று விவரமறிந்தவர்களிடம் காட்டினோம். பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்து விழுந்துவிட்டதென்று அவர்கள் கூறினர்.

தந்தையின் கேள்விக்கு விடை கூறுவதுதான் கடினமாக இருந்தது. வங்கியில் கணக்குப் புத்தகம் தொலைந்தால் மனுக் கொடுக்கலாம். கையெழுத்து மாறினால் சாட்சி கூறலாம். மேலாளர் மறுத்தால் மேலதிகாரியிடம் முறையிடலாம். இங்கு மேலாளரே இல்லை. மேலாளர் இல்லாதிருப்பதே இதன் சிறப்பு என்று அமைத்தவர்கள் கருதினர். அந்தச் சிறப்பின் மறுபக்கத்தைத்தான் அக்குடும்பம் கண்டது. முகவரியைத் தட்டினால் எட்டு மாத ஊதியமும் கணக்கேட்டில் இன்றும் தெரிகிறது. உலகில் எவரும் அதனைக் காணலாம். எவரும் எடுக்க முடியாது.

சட்டத்தின் நிலை

நம் நாட்டில் கிரிப்டோ நாணயம் சட்டப்படி செல்லும் பணமன்று. கடைக்காரர் அதனை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் இத்தொழிலுக்குச் சேவை செய்தலாகாது என்று ஆணையிட்டது. அவ்வாணையை 2020 மார்ச் 4 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் இதில் கிடைக்கும் ஆதாயத்திற்கு 30 சதவீத வரியும், அவ்வாண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதப் பிடித்தமும் விதிக்கப்பட்டன. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் ஒருவர் உடைமையாக வைத்திருக்கத்தக்க சொத்து என்று கூறியது. சொத்து என்று சட்டம் ஒப்புக்கொண்டாலும், வங்கி வைப்புக்கு இருப்பது போன்ற காப்பீடு இதற்கு இல்லை. தொலைந்த விதைச் சொல்லை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர இயலாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

நம் ஊர் இளைஞர்கள் இப்பணப்பையைப் பயன்படுத்தத்தான் போகிறார்கள் என்றால், பின்வருவனவற்றை அவர்களுக்கு எடுத்துக் கூறுதல் நன்று.

1. பணப்பையை அமைத்தவுடன், பணம் வருமுன்னரே, விதைச் சொற்களைத் தாளில் மையால் இரண்டு படிகள் எழுதி, ஒன்றைத் தம் வீட்டிலும் மற்றொன்றை நம்பிக்கையான வேறிடத்திலும், ஈரமும் கரையானும் அணுகாதவாறு வைக்க வேண்டும்.

2. அச்சொற்களைப் படம் பிடித்தல், வாட்ஸப்பில் அனுப்புதல், மின்னஞ்சலில் வைத்தல் ஆகியவை கூடா.

3. எழுதியது சரிதானா என்பதைச் சிறு தொகை இருக்கும்போதே, தமக்குரிய மற்றொரு கணினியில் மீட்டுப் பார்த்துத் தெளிய வேண்டும். முளைப்புத் திறன் பாராமல் விதைப்பவர் உண்டா?

4. விதைச் சொற்களைக் கேட்பவர் எவராயினும், நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும், அரசாங்கத்தின் பெயரைச் சொன்னாலும், அவர் ஏமாற்றுபவரே. இதற்கு விலக்கே இல்லை.

5. இ-சேவை மையம், நூலகம், நண்பர் வீடு ஆகிய இடங்களின் கணினிகளில் பணப்பையைத் திறக்கலாகாது.

6. கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்குமுன், தாளில் எழுதிய சொற்கள் கைவசம் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. பணப்பைக்கென்று தனி உலாவி வைத்துக்கொள்வதும், அதில் தேவையற்ற நீட்டிப்புகளைச் சேர்க்காதிருப்பதும், புதிய பதிப்புகளை உடனுக்குடன் ஏற்பதும், வேலை முடிந்ததும் பூட்டுவதும் நல்ல பழக்கங்கள். உலாவி எச்சரித்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

8. உலாவிப் பணப்பை சட்டைப் பையைப் போன்றது. சந்தைச் செலவுக்குரியதை அதில் வைக்கலாம். ஆண்டு முழுவதும் உழைத்த பொருளை வைத்தல் ஆகாது. பெருந்தொகைக்கு, சாவியைக் கணினிக்குள் விடாமல் தன்னிடமே வைத்துக் கையொப்பமிடும் சிறு கருவிகள் 2014 முதல் விற்பனையில் உள்ளன. தேவைப்படாத தொகையை ரூபாயாக மாற்றி வங்கியில் சேர்ப்பது எல்லாவற்றினும் எளிது.

9. குடும்பத்தலைவருக்கு ஏதேனும் நேர்ந்தால் வாரிசுகள் என்ன செய்ய வேண்டும் என்பதை உறையிலிட்டு எழுதி வைக்க வேண்டும்.

10. மோசடி நேர்ந்ததாக அறிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற தொலைபேசி எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை

ஊராட்சியின் பணமோ, மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்போ, கோயில் நிதியோ ஒரு காசளவும் இதில் போதல் கூடாது. “ஆறு மாதத்தில் இரட்டிப்பு” என்று ஆள் சேர்க்க வருவோரை ஊர் எல்லையிலேயே நிறுத்த வேண்டும். ஆனால் உழைத்து ஊதியமாக இதனைப் பெறும் இளைஞர்களைப் பழித்தலும் தகாது. அவர்கள் ஈட்டுவது நேர்மையான பொருள். அதனைக் காக்கும் முறையைக் கற்பிப்பதே நம் கடமை.

அந்தப் பெரியவரை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். கிணறு இன்னும் ஆழப்படவில்லை. மகன் தொடர்ந்து வேலை செய்கிறார். இப்பொழுது ஊதியத்தை மாதந்தோறும் ரூபாயாக மாற்றி வங்கியில் போட்டுவிடுகிறார். புதிய பணப்பையின் பன்னிரண்டு சொற்களும் பட்டாவோடு டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கின்றன. அவ்வெழுத்துகளைப் படிக்கத் தமக்குத் தெரியாது, ஆனால் தாள் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துவிடுவதாகப் பெரியவர் கூறினார். மற்றக் குடும்பங்கள் இப்பாடத்தை இவ்வளவு விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபையில் பத்து நிமிடம் ஒதுக்கி இதனைப் பேசினால் போதும்.